பொம்மிடி தாண்டும்வரை

நோய்களுக்குள்ளும் அவையில் சொல்லத் தக்கவை, தகாதவை என இரு வகுப்பு உண்டு. இதயத்தில் அடைப்பு என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்கிறார். முழங்கால் வலி என்றால் தம் முழங்காலையும் தடவிக் காட்டுகிறார். சர்க்கரை நோயோ விருந்துப் பந்தியில் பேச்சைத் தொடங்கிவைக்கும் பொருளாகவே ஆகிவிட்டது. எனக்கு வந்த நோய் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. என் சிறுநீர்ப்பை என் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

பணிக்காலம் முழுவதும் மகளிர் கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்தவள் நான். மாணவியர் எந்த உணர்வைக் கொண்டுவந்து நின்றாலும் அதற்கொரு சொல்லைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். அத்தகையவளுக்கு, இதை உடன்பிறந்த தங்கையிடம் சொல்ல ஒரு சொல் அகப்படவில்லை. அகப்படாமையால் அவளையே இழக்க இருந்தேன். இப்போது உடல் தேறியிருக்கிறது, சொல்லும் கிடைத்திருக்கிறது. என் வயதில் எத்தனையோ பேர் இதே நோயை மடியில் கட்டிக்கொண்டு வாய்மூடி இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

தொடக்கம் மிகச் சிறியது. கடைக்குப் போய்விட்டு வந்து வீட்டுப் பூட்டில் சாவியை நுழைப்பேன். அதுவரை அமைதியாக இருந்த சிறுநீர்ப்பை அந்தக் கணத்தில் கதவை இடிக்கும். குழாயில் நீர் விழும் ஓசை கேட்டாலும் அப்படியே. 'வரப்போகிறது' என்ற அறிவிப்புக்கும் வந்துவிடுவதற்கும் நடுவே எல்லா மனிதருக்கும் ஓர் இடைவெளி வழங்கப்பட்டிருக்கிறது. எனக்கு மட்டும் அது நாளுக்கு நாள் சுருங்கியது. இரவில் பலமுறை எழுந்தேன். இருட்டில் விரைந்து ஒருமுறை நிலைப்படியில் இடறி, சுவரைப் பிடித்துத் தப்பினேன். பகலிலோ, வெளியே கிளம்புவதே ஒரு போர்த்திட்டமாக மாறியது. சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் சூரமங்கலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியை மற்றவர்கள் ஊர்களாக அறிவார்கள்: அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம். நான் அதைக் கழிப்பறைகளாக அறிந்தேன். எது பூட்டியிருக்கும், எதற்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் எனக்குப் பாடம்.

என் கணவர் இரயில்வேயில் எஞ்சின் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். நான் ஆத்தூரில் பிறந்தவள். மணமாகி இத்தனை ஆண்டுகள் ஆகியும் அவர் பேச்சிலுள்ள கொங்கு மணத்தை என் இலக்கணத்தால் அசைக்க முடியவில்லை. அவரிடம்தான் முதலில் சொன்னேன். அதையும் நேராகச் சொல்லவில்லை. "அடிக்கடி எழவேண்டியிருக்கிறது" என்று சுற்றிவளைத்தேன்.

"அட, அது சூடு புள்ள!" என்றார் ஒரே மூச்சில். "இந்தச் சேலத்து வெயிலுக்கு ஒடம்பு கொதிக்காம என்ன பண்ணும்? நாளைக்கே எளநி வாங்கியாறேன்."

எங்கள் பக்கத்தில் இடுப்புக்குக் கீழே எந்தத் தொல்லை வந்தாலும் அதற்குப் பெயர் சூடு. சூட்டுக்கு மருந்து குளிர்ச்சி. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு கிடையாது. நானும் தலையாட்டினேன். மறுநாள் முதல் காலையில் இரண்டு இளநீர் வந்தன. எதிர்வீட்டம்மாள் வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொண்டுவந்தாள். பெங்களூரிலிருக்கும் மகன் தொலைபேசியில் பார்லிக் கஞ்சிக்குச் செய்முறை சொன்னான். மருமகள் நன்னாரிச் சர்பத்துப் புட்டிகளை அனுப்பிவைத்தாள். மதியத்துக்கு மோர், மாலையில் நுங்கு. அன்பு என்பது நீர்வடிவில் எனக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே பொறுமையற்றிருந்த ஓர் உறுப்பின் மேல் ஊரே சேர்ந்து குடம்குடமாக ஊற்றியது. நான் முன்னிலும் அடிக்கடி ஓடினேன். ஓடுவதைப் பார்த்தவர்கள், "பாத்தீங்களா, சூடு எறங்குது" என்று மகிழ்ந்தார்கள்.

இந்நிலையில்தான் யாழினிக்கு வளைகாப்பு வந்தது.

யாழினி என் தங்கை கலைச்செல்வியின் ஒரே மகள். உடன் படித்த ஒருவனை விரும்பி மணந்தாள். அவன் வேறு சாதி. அதனால் ஆத்தூரில் எங்கள் உறவினர் பலர் தங்கை வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். திருமணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. நானும் என் கணவரும் சென்று சாட்சிக் கையெழுத்திட்டோம். வளைகாப்பை மட்டும் ஊரறிய மண்டபத்தில் நடத்திவிட வேண்டும் என்று தங்கை உறுதி பூண்டாள்.

"மொத வளையல் நீதாங்க்கா போடணும்" என்றாள். "பெரியவ நீ போட்டுட்டா மத்தவங்க வாய் தானா மூடிக்கும்."

அன்று காலை பச்சைப் பட்டுடுத்திக் கிளம்பினேன். கிளம்புமுன் வழக்கம்போல் இளநீர். அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் அறிவிப்பு வந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு வாழப்பாடிவரை சென்றேன். அங்கே பேருந்து நின்றதும் இறங்கி ஓடினேன். கழிப்பறை வாசலில் வரிசை. அவ்வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே, இனி அதில் நிற்கவேண்டிய தேவையே இல்லாதவளாக ஆகிப்போனேன்.

என் பின்னால் இறங்கிவந்த கணவர் ஒரு வினாவும் கேட்கவில்லை. விழாவுக்கென்று தோளில் போட்டிருந்த புது அங்கவஸ்திரத்தை எடுத்து என் இடுப்பில் சுற்றினார். எனக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நடந்து வந்து சேலம் பேருந்தில் ஏற்றினார். சன்னலோரத்தில் என்னை உட்காரவைத்து, தாம் வெளிப்பக்கம் உட்கார்ந்து மறைத்துக்கொண்டார். அவ்வளவும் செய்தபின், "வெயிலு ரொம்பத்தான் அடிக்குது" என்று மட்டும் சொன்னார்.

தங்கைக்குத் தொலைபேசியில் நான் சொன்னது இது: மாமாவுக்குத் தலைசுற்றல், வாழப்பாடியிலிருந்தே திரும்பிப் போகிறோம். அவரும் மறுக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து, இல்லாத தலைசுற்றலுக்கு ஏற்ப முகத்தைக்கூடக் கொஞ்சம் வாட வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் என் சூட்டைத் தணிக்க உழவர் சந்தைக்குப் போய், முழு வாழைத்தண்டொன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். தங்கையின் அரிசி ஆலை லாரி ஓட்டுநர் சூரமங்கலத்தில் சரக்கு இறக்க வந்தவன், அந்தக் காட்சியைக் கண்ணாரக் கண்டு போய்ச் சொல்லிவிட்டான். மாலையில் தங்கை அழைத்தாள்.

"மாமாவுக்குத் தேவலையா? வாழத்தண்டு தூக்குற அளவுக்குத் தெம்பு வந்துருச்சாமே."

நான் தொலைபேசியைக் காது மாற்றிப் பிடித்தேன்.

"ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்தே. அங்க யாரும் பாக்கல. மண்டபத்துல சாதிசனம் பாக்கும்னதும் உனக்கும் தலை சுத்திருச்சு. எம்பொண்ணு கைய நீட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தா தெரியுமா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "பரவாயில்லைங்க. பெரிய படிப்புப் படிச்சவங்க. உங்களுக்குன்னு ஒரு கவுரவம் இருக்கும்ல. வச்சிடறேங்க."

பிறந்தது முதல் என்னை 'நீ', 'வா', 'போ' என்றவள் அவள். அந்த 'ங்க' என் மார்பில் வந்து தைத்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். 'புடவை' என்ற சொல்வரை வந்தது; மேலே வரவில்லை. சாதிப் பெருமை பிடித்தவள் என்று அவள் நினைத்துக்கொள்வதைவிட, புடவையை நனைத்துக்கொண்டவள் என்று அவள் அறிவது அந்தக் கணத்தில் எனக்குப் பெரிய இழிவாகத் தோன்றியது. அந்த நோயின் மிகக் கொடிய அறிகுறி அதுதான் என்று இன்று சொல்வேன்.

அதன்பின் நான் நீர் அருந்துவதை நிறுத்தினேன். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே என்ன வரும் என்பது என் தருக்கம். காலை இளநீரைக் கணவர் பார்க்காத நேரத்தில் கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றினேன். செடி செழித்தது, நான் வாடினேன். சிறுநீர் அடர்ந்து எரிந்தது. மலம் கட்டியது. ஆனால் அந்த அவசரமோ குறையவில்லை. துளி சேர்ந்தாலும் துரத்தியது. பிறகு குளிர்காய்ச்சல். ஒரு காலையில் குளியலறை வாசலில் கண் இருண்டு உட்கார்ந்தவள், விழித்தபோது சேலத்தில் ஒரு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தேன். கையில் ஊசி, தலைக்கு மேல் நீர்ப் புட்டி. குடிக்க மறுத்த நீரெல்லாம் இப்போது நரம்பின் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று, உடலில் நீர் வறட்சி என்றார்கள். படுக்கையருகே கணவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டணப் பிரிவில் தந்த தாளை நான் பார்க்காதபடி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் கேட்டால், "அதெல்லாம் ஆண்பிள்ள சமாச்சாரம்" என்பார். முதல் நாள் செவிலிப்பெண் பெரியவர்களுக்கான அணையாடை ஒன்றைக் கொண்டுவந்தபோது நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கணவர் வெளியே போவதுபோல் எழுந்து, கதவருகே நின்று, "சிஸ்டர், போர்வைய மொதல்ல போத்திருங்க. அவளுக்குக் கூச்சம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

காய்ச்சல் இறங்கியதும் வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். அந்த அறைக்கு வெளியே நான் கண்டது, எந்தக் கல்விக்கூடத்திலும் காணாத காட்சி. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாக விழுமாம். ஆகவே காத்திருப்போர் அனைவர் கையிலும் ஒரு நீர்ப் புட்டி. ஆண்களும் பெண்களும் குடிப்பதும் நடப்பதுமாக இருந்தார்கள். உதவியாளப் பெண் கதவைத் திறந்து உரத்த குரலில் கேட்டாள்:

"யூரின் முட்டறவங்க யாரு? கை தூக்குங்க!"

இருவர் தூக்கினர்.

"நல்லா முட்டுதா, சுமாரா முட்டுதா?"

"எனக்குச் சுமாருங்க" என்றார் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர்.

"சுமாருன்னா போய் இன்னும் அரை பாட்டில் குடிச்சுட்டு நடங்கய்யா. நெக்ஸ்ட்!"

எனக்கு அடுத்து ஓமலூர்ப் பக்கத்துக் குடியானவப் பெண்ணொருத்தி அமர்ந்திருந்தாள். என்னைவிடச் சற்று இளையவள். என்னிடம் சாய்ந்து, "இதென்ன அநியாயமுங்க!" என்றாள். "பஸ்ஸுல வாரப்பவே எனக்கு முட்டிருச்சு. எறங்குனதும் ஓடிப் போயிட்டு வந்துட்டேன். இங்க வந்தா, 'ஏம்மா போனீங்க, மறுக்கா ரொப்பிட்டு வாங்க'ங்கறாங்க. ஊட்டுல அடக்க முடியலீன்னுதானுங்க ஆசுபத்திரிக்கே வந்தேன். அடக்கிக் காட்டுனாத்தான் பாப்பாங்களாமா?"

நான் சிரித்துவிட்டேன். பல வாரங்களுக்குப் பின் வந்த சிரிப்பு, ஆபத்தான சிரிப்பும்கூட. "உங்களுக்கும் அடங்குவதில்லையா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க அடங்குது! களை எடுக்கப் போனா பாதி நேரம் கரும்புக் காட்டுக்குள்ளதான் நிக்கறேன். எம்மருமவ கேலி பேசறா, 'அத்தைக்குத் தண்ணி பாச்சறதுக்கு மோட்டாரே வேண்டாம்'னு." தன் கேலிக்குத் தானே நகைத்தாள். "உங்களுக்குங்க சாமி?"

கதவு மறுபடியும் திறந்தது. "நல்லா முட்டறவங்க?"

என் கை மேலே போனது. நாற்பதுக்கு மேற்பட்டோர் அமர்ந்திருந்த அந்தக் கூடத்தில், பட்டம் பல பெற்ற நான், கையை உயர்த்தி, "எனக்கு" என்று சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. "ஆங், அந்தம்மாவ உள்ள கொண்டாங்க" என்றாள் உதவியாளப் பெண், அவ்வளவுதான்.

மாலையில் சிறுநீரகவியல் மருத்துவர் வந்தார். இளம்பெண், என் கடைசி வகுப்பு மாணவியரின் வயதுதான் இருக்கும். படத்தில் கட்டியோ கல்லோ இல்லை. சிறுநீர் கழித்தபின் பையில் எஞ்சும் நீரும் அளவோடுதான் இருக்கிறது என்றார். பிறகு, தினமும் என்னென்ன குடிக்கிறேன் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் கணவர் பெருமையோடு தொடங்கினார்.

"குடிக்கறதுல ஒரு கொறையும் வெக்கலீங்க டாக்டரம்மா. காலைல ரெண்டு எளநி. அப்பறம் வாழத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணி, மத்தியானம் மோரு, பொழுதோட நுங்கு. நடுவால காபி அவ பாட்டுக்குக் குடிப்பா."

மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "ஐயா, இத்தனையும் எனக்குக் கொடுத்தீங்கன்னா நானும் பாத்ரூம்லயேதான் இருப்பேன்."

"ஏனுங்க, சூட்டுக்குக் குளிர்ச்சி நல்லதுதானுங்களே?"

"இது சூடு இல்லைங்கய்யா."

அப்போதுதான் கறிவேப்பிலைச் செடியின் கதையை நான் ஒப்புக்கொண்டேன். கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதான் அந்தச் செடி அப்படித் தழைஞ்சுதா! நான் போட்ட சாணி ஒரமுன்னு நெனச்சேன்" என்றார். அவர் குரலில் வருத்தத்தைவிட ஏமாற்றமே மிகுந்திருந்தது.

மருத்துவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். சிறுநீர்ப்பை தசையால் ஆனது. நிறையும்வரை அது தளர்ந்து கிடக்கவேண்டும். நிறைந்தபின் நாம் இசைவு தந்தால் மட்டுமே சுருங்கவேண்டும். வயது ஏற ஏறச் சிலருக்கு அது பாதி நிறையும் முன்பே தானாகச் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. அதற்கு மிகைச்செயல் சிறுநீர்ப்பை என்று பெயர். மூப்பில் பலருக்கு வருவது. ஆனால் மூப்பென்றால் இப்படித்தான் என்று சகித்துக்கொள்ள வேண்டியதன்று. மிகுதியாகக் குடித்தால் அது தூண்டப்படும். குடிக்காமலே இருந்தாலோ, அடர்ந்த சிறுநீர் பையின் சுவரை உறுத்தி மேலும் தூண்டும். மலச்சிக்கலும் பக்கத்திலிருந்து அழுத்தும். நான் இரு தவறுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதறச் செய்திருக்கிறேன்.

"இதுக்குச் சில மாத்திரைகள் இருக்கு. பழைய வகையில வாய் உலரும், மலச்சிக்கல் வரும். வயசானவங்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம்."

"மறதி மட்டும் வேண்டாம் டாக்டர்" என்றேன். மனத்தில் சேர்த்துவைத்த செய்யுள்கள்தாம் என் சொத்து.

"உங்களுக்கு அத நான் தரப்போறதில்லம்மா. பை கொஞ்சம் தளர்ந்து கூடுதலாப் பிடிச்சுக்கற மாதிரி வேற மாத்திரை இருக்கு. அதுக்கு ரத்த அழுத்தத்த மட்டும் பாத்துக்கிட்டே இருக்கணும். கேக்கலைன்னா, பைக்குள்ள ஊசி போடறது, கணுக்கால் நரம்பத் தூண்டறதுன்னு வழி இருக்கு. ஆனா முதல்ல பயிற்சி. அவசரம் வந்தா ஓடக்கூடாது. ஓடறதுலதான் விழுந்து இடுப்ப உடைச்சுக்கறாங்க. அப்படியே உக்காருங்க. காத்துப் பிரியறத அடக்கற மாதிரி அடித்தசைய இறுக்கி இறுக்கி விடுங்க. மனச வேற எதுலயாவது வைங்க. அது அலை மாதிரிம்மா. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கிடும். இறங்கினப்புறம் மெதுவா நடந்து போங்க."

"அடக்கறதெல்லாம் நான் சொல்லித் தாரேனுங்க" என்றார் கணவர். "கூட்ஸ் எஞ்சினுல கக்கூசே கெடையாது. சேலத்துல ஏறுனா ஜோலார்பேட்டைல எறங்கறவரைக்கும்..."

"அது பெரிய தப்புங்கய்யா. மணிக்கணக்கா அடக்கினா பை கெட்டுப்போகும். அத அம்மாவுக்குக் கத்துத் தராதீங்க. நான் சொல்றது சில நிமிஷம்தான்."

தம் பணிக்காலத்தின் வீரம் அவ்வாறு ஒரு சொல்லில் குற்றமாக மாறிவிட்டதைக் கேட்டு அவர் சிறிது நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபின் இளநீர் நின்றது. நீர் அளவோடு, பொழுது சாய்ந்தபின் குறைவாக. காபி காலையில் மட்டும். மாத்திரை, இடுப்பு அடித்தசைப் பயிற்சி. தேவை வருமுன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கழிப்பறைக்குப் போய், அந்த இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டவேண்டும். எல்லாவற்றிலும் கடினம் அந்த அலையை உட்கார்ந்து எதிர்கொள்வதுதான். மனத்தை வேறெதிலேனும் வை என்றால், மனம் அதில் மட்டுமே போய் நிற்கும். செய்யுள்களைச் சொல்லிப் பார்த்தேன். அவசரத்தில் அடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன; யாப்பு சிதைவதைப் பொறுக்கமுடியாத எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் கூடத்து நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றியபடி உட்கார்ந்திருந்தேன். கணவர் எதிரே வந்து அமர்ந்தார்.

"புள்ள, வண்டி கெளம்பிருச்சு. சேலம் ஜங்ஷன்" என்றார்.

"இப்போது விளையாட்டா?"

"மேக்னசைட். ... கருப்பூர்." ஒவ்வொரு நிலையத்தின் பெயருக்கும் பின் உண்மையாகவே அந்தத் தொலைவைக் கடப்பவர்போல் இடைவெளி விட்டார். "தின்னப்பட்டி. ... டேனிஷ்பேட்டை. இனி ஏத்தம். லோக்கூர் மலையில வண்டி மூச்சு வாங்கும், பொறுத்துக்கோணும். ... லோக்கூர். ... உச்சி தாண்டியாச்சு. ... பொம்மிடி."

பொம்மிடி வந்தபோது அலை இறங்கியிருந்தது. எழுந்து, ஓடாமல், நடந்து போனேன். திரும்பி வந்தபோது, "அப்பறம் புட்டிரெட்டிப்பட்டி, மொரப்பூர் இருக்குது. வேணும்னா போலாம்" என்றார்.

அன்று முதல் அதுவே எங்கள் மருத்துவம். முதல் வாரங்களில் லோக்கூர் ஏற்றத்திலேயே சில முறை தோற்றேன். பிறகு பொம்மிடி உறுதியாயிற்று. இரவில் எழுவது குறைந்தது. எதிர்வீட்டம்மாளுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் வாழைத்தண்டைப் பொரியலாக்கிக் கொடுத்தாள்.

யாழினிக்குப் பெண்குழந்தை பிறந்த செய்தியைத் தங்கை சொல்லவில்லை; யாழினியே சொன்னாள். பின்னர், தொட்டிலிட்டுப் பெயர் சூட்டும் நாளுக்கு அழைத்தாள்.

"பெரியம்மா, பேர் நீங்கதான் எடுக்கணும். காதுலயும் நீங்கதான் சொல்லணும். அம்மா கோவமாத்தான் இருக்காங்க. 'வரட்டும் பாக்கலாம், வாழப்பாடி தாண்டி வர வழி தெரியுதான்னு'ங்கறாங்க. வந்துடுவீங்கல்ல?"

'வருவேன்' என்றேன். இந்த முறையும் போகாவிட்டால், தங்கை வீட்டு வாசலை மிதிக்காதவர் வரிசையில் என் பெயர் நிலையாக எழுதப்பட்டுவிடும் என்பதை அறிந்தே சொன்னேன்.

அன்றும் அதே பச்சைப் பட்டையே உடுத்தினேன். கணவர் வாடகைக் கார் வைக்கலாம் என்றார். நான் பேருந்துதான் என்றேன். வாழப்பாடியில் இறங்கவேண்டி வரவில்லை. ஆத்தூரில் தங்கை வாசலில் நின்றிருந்தாள். என் கையைப் பற்றவில்லை.

"வாங்க. மாமாவுக்குத் தலைசுத்தல் ஒண்ணுமில்லீங்களே?"

"இல்லை, கலை."

"உள்ள உக்காருங்க. பொண்ணு உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கா."

கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒருபுறமும், எங்கள் உறவில் துணிந்து வந்த சிலர் மறுபுறமுமாக அமர்ந்திருந்தனர். நடுவே மணையில் என்னை உட்கார்த்தி, யாழினி குழந்தையை என் மடியில் கிடத்தினாள். பழைய வெள்ளைத் துணியில் சுற்றிய சிற்றுடல். கண்ணை மூடிக்கொண்டு எதையோ சப்புக்கொட்டியது. மாப்பிள்ளையின் தாயார் எதிரே அமர்ந்து சரட்டையும் தேனையும் எடுத்துவைத்தார். அவருடைய நாத்தனார் வந்துகொண்டிருப்பதாகவும், அவர் வந்ததும் தொடங்கலாம் என்றும் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.

அலை எழுந்தது.

எல்லார் கண்களும் என்மேல், மடியில் குழந்தை, அருகில் தூணோரம் தங்கை, கைகளைக் கட்டிக்கொண்டு. இப்போது எழுந்து போனால் அவள் என்ன நினைப்பாள் என்பது எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பக்கம் கடைசி வரிசையில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, அவர் உதடுகள் ஓசையின்றி அசைந்தன. மேக்னசைட். கருப்பூர். தின்னப்பட்டி. நான் அடித்தசையை இறுக்கி விட்டேன். மறுபடியும் இறுக்கி விட்டேன். டேனிஷ்பேட்டை. ஏற்றம். லோக்கூரில் அவர் தம் உள்ளங்கையை மெல்லக் கீழ்நோக்கி அசைத்தார்: பொறு, பொறு. வண்டி மூச்சு வாங்கி, உச்சியைத் தாண்டி, இறங்கியது.

அவர் உதடுகள் 'பொம்மிடி' என்றபோது, அந்த நாத்தனார் மூச்சிரைக்க உள்ளே வந்து அமர்ந்தார். நான் குனிந்து குழந்தையின் காதில் பெயரைச் சொன்னேன். "இளவேனில்." மும்முறையும் தெளிவாகச் சொன்னேன்.

மூன்றாம் முறை சொல்லி முடிக்கையில், என் மடியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. தோற்றுவிட்டேன் என்றே எண்ணினேன். பிறகுதான் விளங்கியது: அது நான் அல்ல. வெள்ளைத் துணியைக் கடந்து, பச்சைப் பட்டைக் கடந்து, இளவேனில் தன் பெயரை ஏற்றுக்கொண்டிருந்தாள். கூடம் முழுவதும் சிரிப்பு. "பெரியம்மா மடியில பேஞ்சுட்டா! மழதான் போங்க!" என்று குலவையிட்டார் மாப்பிள்ளையின் தாயார்.

தங்கை முகம் சுளித்து ஓடிவந்தாள். "ஐயோ, பட்டுப்புடவை! எந்திரிங்க, வேற புடவை தர்றேன், உள்ள வாங்க."

அறைக்குள் சென்று அவள் அலமாரியைத் திறந்தாள். நான் நனைந்த கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்குமேல் எதை மறைப்பது?

"கலை, அன்றைக்கும் இதே புடவைதான். இதே மாதிரிதான். வாழப்பாடியில். குழந்தை அல்ல, நான்."

அவளுக்கு உடனே புரியவில்லை. என் முகத்தையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த புடவை நழுவிக் கீழே விழுந்தது.

"இதுக்கா? அக்கா, இதுக்கா?" என்றாள். "சாதி பாத்துட்டேன்னு நான் உன்னைத் திட்டாத திட்டு இல்ல. தினம் சாமிகிட்ட வேற சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் தும்முனா என் கதி என்னன்னு உனக்குத் தெரியுமா? மில்லுல தவிட்டுத் தூசி பறக்கறப்பல்லாம் காலப் பின்னிக்கிட்டு நிக்கறேன்டி!"

வாழ்நாளில் அவள் என்னை 'டி' என்றது அதுவே முதல் முறை. கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் புடவையும் நனைந்தது. இருவரும் சிரித்தோம், தும்மலுக்கு அஞ்சுபவளும் அலைக்கு அஞ்சுபவளும் சிரிக்கக்கூடிய அளவுக்கு, கால்களைச் சேர்த்துக்கொண்டு.

பந்தி முடிந்து கிளம்பும் நேரத்தில் தங்கை தோட்டத்துப் பக்கமிருந்து ஓர் இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு வந்தாள். என் கணவர் கையை உயர்த்தித் தடுக்கப் போனார். நான் கண்ணால் அவரை அமர்த்தினேன்.

"வெயில்ல வந்திருக்க. உடம்பு சூடாயிருக்கும்க்கா" என்றாள் அவள். "குடி."

வாங்கி, கடைசித் துளிவரை குடித்தேன்.